உலக ஆபத்தைத் தடுக்க 5 லட்சம்: மொத்தமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் வசிக்கிறேன். அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வயது 63. மாத ஓய்வூதியம் 46,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 22 லட்சம் போட்டு மூன்று ஆண்டு ஆகிறது. ஒரு ஏக்கர் தேயிலை உண்டு. கூலிக்கும் உரத்துக்கும் போக மிஞ்சுவது சொற்பம். கணவர் இல்லை. மகள் கோவையில் நல்ல வேலையில் இருக்கிறாள். கொரோனாவில் என்னோடு பாடம் நடத்திய இரண்டு பேரை இழந்தேன். அடுத்த கொள்ளைநோய், அணுப்போர் என்று உலகத்தையே புரட்டிப்போடும் ஆபத்துகளைத் தடுக்க உழைப்பவர்களுக்கு 5 லட்சம் கொடுக்க ஆசை. "அவ்வளவு பெரிய விஷயத்துக்கு நம்ம பணம் எந்த மூலைக்கு?" என்கிறாள் மகள். கொடுக்கலாமா? வரிச் சலுகை கிடைக்குமா?

பதில்: கொடுங்கள் அம்மா. ஆனால் 5 லட்சத்தை இப்போது மொத்தமாக எடுக்காதீர்கள். வட்டியிலிருந்து ஆண்டுதோறும் கொடுங்கள், மீதியை உயிலில் எழுதுங்கள்.

முதலில் உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. நீங்கள் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போயிருப்பீர்கள். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது பாஸ்டர் நிறுவனம். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வெறிநாய் கடித்தால் ஊசிக்கு இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை போக வேண்டியிருந்தது; போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதி குன்னூருக்கு வந்தது. 1907-ல் நிறுவனம் திறந்தது. ஐம்பது வருடம் கழித்து, 1957-ல், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல் வழியாக ஆசியக் காய்ச்சல் என்ற இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் இந்தியாவுக்குள் நுழைந்தது. அது நாட்டில் எப்படிப் பரவியது என்று ஆராய்ந்து பதிவு செய்ததும் இதே வளாகத்தில் இருந்த இன்ஃபுளுவென்சா மையம்தான். நாய்க்கடி ஊசிக்குப் போன பணம் ஒரு கொள்ளைநோயைக் கண்காணிக்கும் இடமாக வளர்ந்து நின்றது. கொடுத்தவர் இதையெல்லாம் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இந்த மலையிலேயே இருக்கிறது. கோதுமையைத் தாக்கும் துரு நோயின் பூஞ்சை கோடையில் சமவெளி வெயிலில் பிழைக்காது. நீலகிரியிலும் பழனி மலையிலும் அது வருடம் முழுக்கத் தங்கி, இங்கிருந்து காற்றில் ஏறித் தக்காணத்துக்கும் மத்திய இந்தியாவுக்கும் போகிறது. இதைக் கண்டுபிடித்தவர் ஆக்ராவைச் சேர்ந்த கே.சி. மேத்தா. வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் கோதுமைத் துருவோடு மல்லுக்கட்டுவது இதனால்தான். 1998-ல் உகாண்டாவில் புதுவகைத் துரு தென்பட்ட பிறகு கோதுமை விளையும் நாடுகளெல்லாம் பதறின. கோதுமைக்குப் பேர்போகாத ஒரு மலை, நாட்டின் ரொட்டிக்குக் காவல் நிற்கிறது. "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று மகள் கேட்டால் வெலிங்டன் பக்கம் ஒருமுறை கூட்டிப் போங்கள்.

இதைச் சொல்லும் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அரிசியும் போர்வையும் லாரி லாரியாக வந்தன. நானும் கொடுத்தேன். அதற்கு முந்தைய வருடம் யாராவது வந்து, சரிவுகளைச் சோதிக்க வேண்டும், ஓடைகளை மறித்துக் கட்டியவற்றைக் கணக்கெடுக்க வேண்டும், பணம் தாருங்கள் என்று கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். நடக்காமல் போன விபத்துக்குப் புகைப்படம் கிடையாது, அதனால் பணமும் வருவதில்லை. கொள்ளைநோயிலும் இதே கதைதான். 1918 இன்ஃபுளுவென்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். நோய்க்கிருமியை ஆயுதமாக்குவதைத் தடை செய்யும் சர்வதேச ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்காக ஜெனீவாவில் உள்ள அலுவலகத்தில் விரல் விட்டு எண்ணிவிடும் அளவுக்குத்தான் ஆட்கள். ஆள் குறைந்த இடத்தில்தான் சிறிய பணமும் கண்ணுக்குத் தெரியும்.

சரி, வரிக்கு வருவோம். வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கு 80ஜி என்று நாம் பழகிய கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு, புதிய முறையில் இல்லை. உங்கள் ஓய்வூதியம் ஆண்டுக்கு 5,52,000. நீங்கள் போட்டபோது இருந்த 8.2 சதவீதத்தில் 22 லட்சத்துக்கு வட்டி 1,80,400. ஆக 7,32,400. புதிய முறையில் நிலைக் கழிவு 75,000 போக மிஞ்சுவது 12 லட்சம் வரம்புக்குள் இருப்பதால் நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பழைய முறைக்குப் போனால், நிலைக் கழிவும் மூத்த குடிமக்களின் வட்டிக் கழிவும் போகச் சுமார் 38,000 ரூபாய் வரி வரும். 30,000 நன்கொடைக்குப் பாதிக் கழிவு கிடைத்தாலும் மிச்சமாவது 3,000 சொச்சம். அந்த 3,000-க்காக 38,000 கட்டும் முறைக்கு யாராவது போவார்களா? வரிச் சலுகையை மறந்துவிடுங்கள். உங்களுக்கு அது ஒரு விடுதலையும்கூட: வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் 80ஜி கிடையாது என்ற கவலையும் இனி வேண்டாம்.

சேமிப்புக் கணக்கைத் தொட வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே கணக்காக இருந்தால் அதில் 5 லட்சத்தை மட்டும் தனியே எடுக்க முடியாது. முழுவதையும் முடித்தால் இப்போது 1 சதவீதம் பிடிப்பார்கள், அதாவது 22,000 ரூபாய் வீண். இரண்டு ஆண்டு பொறுத்தால் முதிர்வு, பிடித்தம் இல்லை. அப்புறம், 63 வயதில் தனியாக இருப்பவருக்கு மருத்துவச் செலவு எப்படி வரும் என்று சொல்ல முடியாது. ஓய்வூதியர் காப்பீடு இருந்தாலும் 5 லட்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று காலாண்டுக்கு 45,100 வட்டி வருகிறது. அதில் ஜூலை வட்டியிலிருந்து மட்டும் 30,000 ரூபாயைக் கொடைக்கு ஒதுக்குங்கள். பத்து ஆண்டில் 3 லட்சம். மீதி 2 லட்சத்தை உயிலில் எழுதலாம். சாட்சி இரண்டு பேர் போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. எழுதும்போது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு? பாதியை நாட்டுக்குள் நோய்க்கிருமி ஆராய்ச்சி செய்யும் இடத்துக்குக் கொடுப்பேன். 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் எச்ஐவி இருப்பதைக் கண்டறிந்தது வேலூர் சிஎம்சி ஆய்வகம். அப்படிப்பட்ட இடங்கள் நன்கொடை வாங்குகின்றன. எந்தத் துறைக்கு என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். மறுபாதி அணு ஆபத்துக்குப் போகட்டும். சில ஆண்டுகளுக்கு முன் மெக்ஆர்தர் அறக்கட்டளை போன்ற பெரிய கொடையாளரே அந்தத் துறையை விட்டு விலகிவிட்டதால் அங்கே பணத்தட்டுப்பாடு அதிகம். 1957-ல் அமெரிக்க, சோவியத் என இரு முகாம் விஞ்ஞானிகளும் அணு ஆயுதம் பற்றிக் கூடிப் பேச முதலில் டெல்லியில்தான் ஏற்பாடு நடந்தது. அது கைகூடாமல் போக, சைரஸ் ஈட்டன் என்ற தொழிலதிபர் செலவை ஏற்றுக் கனடாவில் தான் பிறந்த பக்வாஷ் கிராமத்தில் கூட்டினார். வந்தவர்கள் 22 விஞ்ஞானிகள். அந்த இயக்கத்துக்கு 1995-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பக்வாஷ் அமைப்பையும், 2001-ல் தொடங்கி அணு ஆபத்து, உயிரியல் ஆபத்து இரண்டிலும் வேலை செய்யும் என்டிஐ (நியூக்ளியர் த்ரெட் இனிஷியேட்டிவ்) என்ற அமெரிக்க அமைப்பையும் பாருங்கள். தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறார்களா என்று மகளைத் தேடித்தரச் சொல்லுங்கள். வெளியிடாதவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டுக்கு அனுப்ப எல்ஆர்எஸ் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்த வழி இருக்கிறது. பான் அட்டையோடு உங்கள் வங்கிக்குப் போய் ஏ2 படிவம் கேளுங்கள். கட்டணம் ஒவ்வொரு முறையும் வரும் என்பதால் வருடத்துக்கு ஒரே தடவை அனுப்புங்கள். "80ஜி ரசீதும் தருகிறோம், பணத்தை வெளிநாட்டுக்கும் அனுப்பிவிடுகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் க்யூஆர் படத்தோடு யாராவது வந்தால் பதிலே போடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. வீடு சரிவில் இருந்து, தடுப்புச்சுவர் இளகியிருந்தால், முதல் ஆண்டு 30,000 அந்தச் சுவருக்கே போகட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கொத்தனாரைப் பிடித்துவிடுங்கள். கொடையை அடுத்த ஜூலையில் தொடங்கலாம்.