கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பையனின் மருத்துவத்துக்கு யாரைக் கேட்பது?

கேள்வி: அக்கா மகனுக்கு 16 வயது. அடிதடி வழக்கில் கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணைக் காலத்தில் சிறுவர்களை வைத்திருக்கும் இல்லம்) இருக்கிறான். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலரை அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். உடம்பெல்லாம் அரிப்பு வேறு. கேட்டால் வழக்குக்குப் பாதகமாகுமோ என்று அக்கா பயப்படுகிறார். – திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். வழக்கு வேறு, வைத்தியம் வேறு. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி மருத்துவ வசதி இல்லம் கொடுத்தே ஆக வேண்டிய ஒன்று. சேர்த்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, மாதந்தோறும் உடல்நலப் பதிவேடு என்று விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆஸ்துமா அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து எதையும் பையன்கள் கையில் விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டில்தான் பூட்டுகிறார்கள்; அதில் நியாயமும் உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் சாவி யாரிடம்? தை மாதப் பனியும் அறுவடைத் தூசியும் சேரும்போது டெல்டாவில் இழுப்புக்காரர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் இப்படிச் செய்யுங்கள். அவன் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம், அது தஞ்சை மருத்துவக் கல்லூரியாக இருந்தால் பழைய ஓ.பி. சீட்டோடு போய், "அவசர இன்ஹேலர் பையனிடமோ இரவுப் பணியாளரிடமோ எப்போதும் இருக்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். ஒரு நகலைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்றை வக்கீல் மூலம், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மனுவோடு தாக்கல் செய்யுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைப்பார். வாய்வார்த்தையாகச் சொன்னது ஷிஃப்ட் மாறினால் போச்சு.

அரிப்பு அநேகமாகச் சிரங்காக இருக்கும்; பாயும் போர்வையும் மாறிமாறிப் புழங்கும் இடத்தில் அது சகஜம். இவனுக்கு மட்டும் மருந்து தடவினால் பக்கத்துப் பாயிலிருந்து திரும்ப வந்துவிடும். அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே முழுக்கத் தடவி, துணிமணிகளை வெந்நீரில் அலசிக் காயப்போட்டு, மருத்துவர் சொன்னபடி ஒரு வாரம் கழித்து மறுபடி தடவ வேண்டும். ஆகவே மனுவில் "என் பையனுக்கு" என்று எழுதாமல், "அறையில் உள்ள அனைவருக்கும்" என்று எழுதுங்கள்.

மனு அசையவில்லையா? குழுமம் மாதம் ஒரு முறையாவது இல்லத்துக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் ஆய்வுக் குழுவில் மருத்துவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர்களிடமும் நகல் போகட்டும்.

ஆத்திரத்தில் யாராவது பையன் பெயர், படத்தோடு வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை. அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம்.

அப்புறம், ஜாமீன் மனு போட்டாயிற்றா? 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ஜாமீன்தான் பொதுவிதி. மறுத்தால் குழுமம் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மருத்துவரின் கடிதத்தை அதோடும் இணையுங்கள்.