சங்கிலியை அடகு வைக்க வேண்டாம் அம்மா

அன்புள்ள அம்மா,

ராயபுரத்திலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. ப்ளஸ் டூ முடித்த மகன் ஒன்றரை லட்சத்துக்குப் பெரிய கேமரா கேட்கிறான், கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் உங்கள் தம்பியின் ஸ்டுடியோ பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கேமராவே விற்காத காலத்தில் இந்தத் தொழில் சோறு போடுமா என்ற பயமும் உங்களுக்கு. நியாயமான பயம்தான்.

விற்பனை விழுந்தது உண்மை. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில் 2010-இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குக் கிளம்பின. 2023-இல் 80 லட்சம்கூட இல்லை. விழுந்ததில் பெரும்பங்கு, பிறந்தநாளுக்கும் திருப்பதிப் பயணத்துக்கும் வாங்கிய சட்டைப்பைக் கேமரா. அந்த வேலையை செல்போன் எடுத்துக்கொண்டது. லென்ஸ் மாற்றும் கேமராவும் குறைந்தது: 2012-இல் சுமார் 2 கோடி, 2023-இல் சுமார் 60 லட்சம். உங்கள் தம்பி நம்பியிருந்தது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையும் பிரிண்டையும். இப்போது பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் விண்ணப்பிக்கும் மையத்திலேயே உட்கார வைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் தேடுவதை நம் ஜனங்கள் நிறுத்தவில்லையே அம்மா.

போன வாரம் தண்டையார்பேட்டையில் உங்கள் மகன் என்னை வந்து பார்த்தான். விடிவதற்கு முன் காசிமேட்டு ஏலத்தில் எடுத்த படங்களைக் காட்டினான். பையனுக்குக் கண் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். செல்போனில் எடுத்த சங்கரா மீனைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன்; செதில்கள் ஒன்றோடொன்று அப்பி, மெழுகு பூசியது போல் இருந்தன. நண்பனின் பழைய கேமராவில் அதே இடத்தில் எடுத்ததில் ஒவ்வொரு செதிலும் தனியாகத் தெரிந்தது, மேலே ஒட்டிய ஐஸ் துணுக்கு உட்பட. காரணம் சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சார் கேமராவில் அது 36 மி.மீ.க்கு 24 மி.மீ.; நல்ல செல்போனிலேயே சுண்டுவிரல் நகம் அளவுதான். வெளிச்சம் குறைந்தால் செல்போன் பல படங்களைச் சேர்த்து, இருட்டில் படத்தில் விழும் புள்ளிகளைத் தேய்த்து ஒப்பேற்றுகிறது.

ஆக, உள்ளே இருக்கும் சென்சாரின் அளவு முக்கியம். வெளியே தெரியும் பருமனுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். இப்போது வரும் மிரர்லெஸ் கேமராவில், லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். சென்சார் அதே அளவு, உடம்பு மட்டும் இளைத்துவிட்டது. லென்ஸ் அப்படி இளைக்காது. வியாசர்பாடி மைதானத்தில் கோட்டுக்கு வெளியே நின்று ஃபுட்பால் எடுக்க இன்றும் கனமான லென்ஸ்தான் வேண்டும். பெரிய கேமரா இருந்தால்தான் மண்டபத்தில் மதிப்பார்கள் என்கிறான் மகன். முதல் நாள் அப்படிப் பார்ப்பவர்கள் உண்டு. அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுவது ஆல்பத்தைப் பார்த்துத்தான்.

ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய, செல்போனைவிடப் பெரிய சென்சார்) வகைப் பழைய கேமரா ஒன்றும், குறைந்த வெளிச்சத்துக்கும் தாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் இப்போதைக்குப் போதும். வாங்கும்போது லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கத்து வீட்டில் பூஞ்சை சும்மா விடாது. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். பெரிய வேலை வந்தால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும். வரும் முகூர்த்த மாதங்களில் நல்ல கல்யாண போட்டோகிராபர் ஒருவரிடம் உதவியாளாகப் போகட்டும். வீடியோவும் எடிட்டிங்கும் கட்டாயம் கற்கவேண்டும். படம் மட்டும் எடுப்பவருக்கு வருமானம் போதாது. படிப்புக்கு தரமணி அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் நான்காண்டு ஒளிப்பதிவுப் பட்டம் இருக்கிறது. தகுதியை இந்த ஆண்டு அறிவிப்பில் சரிபாருங்கள். லயோலாவில் விஷுவல் கம்யூனிகேஷனுக்கும் விண்ணப்பிக்கட்டும்.

இன்னொன்று. தம்பியின் கடைக்குள் விளக்கொளியை மென்மையாக்கும் குடையும் ஸ்டாண்டும் ஃபிளாஷ் விளக்குகளும் தூசி படிந்து கிடப்பதாக மகன் சொன்னான். புதிதாக வாங்கப் போனால் பணம் ஆகும். அதைவிட, ஒரு முகத்துக்கு எந்தப் பக்கம் விளக்கு வைப்பது என்பது தம்பிக்குக் கையோடு வந்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து மாமாவையும் மருமகனையும் உள்ளே உட்கார வையுங்கள். அன்று எடுக்கும் படங்களில் பத்தைப் பிரிண்ட் போட்டு, இருவரையும் என்னிடம் அனுப்புங்கள்.