கூரையில் பூஞ்சணம்: முன்பணம் யாருக்கு?

வாசகி கேட்டது: மலேசியாவில், ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றில் மாதம் 1,200 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்குக் குடியிருக்கிறோம். படுக்கையறைக் கூரையின் மூலையில் பூஞ்சணம் கறுத்துப் பரவுகிறது. துணியை வீட்டுக்குள் உலர்த்துவதே காரணம் என்கிறார் வீட்டுக்காரர். முன்பணம் 2,400 வெள்ளியும் திரும்பாது என்கிறார் முகவர். வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

வழக்கறிஞரின் பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. வாடகை பாக்கி விழுந்தால் பூஞ்சணம் பின்னுக்குப் போய்விடும், நீங்கள்தான் குற்றவாளியாக நிற்பீர்கள். பாக்கிக்காக நீதிமன்றத்தின் வழியே உங்கள் பொருள்களைக் கைப்பற்றவும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வீட்டுக்காரருக்கு இடம் தருகிறது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கறைக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்புறம் நனைந்திருந்தால் நீர் கட்டடத்துக்குள்ளிருந்து கசிகிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம்தான்; அப்போது துணி, குளிர்சாதனம், மூடிய சன்னல் பற்றி வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. கசிவு என்றால், கட்டமைப்பும் சுவருக்குள் ஓடும் குழாயும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் வீட்டுக்காரர் பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடுங்கள். வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச்சட்டம் வருகிறது, வருகிறது என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதுவரை கையெழுத்திட்ட தாளே உங்கள் சட்டம். அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும், இல்லையேல் நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்காது.

உங்கள் கறை கூரையில் இருப்பதால் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் 142ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்படும் வரை, கூரைக் கசிவின் குறை மேல்வீட்டில் இருப்பதாகவே அனுமானிக்கிறது. எழுத்துப்பூர்வமாகப் புகார் கிடைத்த 7 நாளுக்குள் கட்டட நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். அடுத்த 5 நாளுக்குள் ஆய்வுச் சான்றிதழ் தர வேண்டும். பொறுப்பாளி மேல்வீட்டுக்காரர் என்றால் அவர் 7 நாளுக்குள் சரிசெய்ய நடவடிக்கை எடுக்க வேண்டும். வாடகைதாரர் கடிதத்தை அலுவலகம் இழுத்தடிக்கும் என்பதால் புகார் வீட்டுக்காரர் பெயரில் போகட்டும். அவர் அசையாவிட்டால், கேட்டுக்கொண்டதற்கு வாட்ஸ்அப் சான்று இருக்கட்டும். கசிவு என்று அந்த ஆய்வுச் சான்றிதழ் சொன்னால் போதும், துணி உலர்த்திய கதை அடிபட்டுப்போகும்.

இனி அந்த முகவர். முன்பணம் அவர் பணமல்ல. திரும்பாது என்று தீர்ப்புச் சொல்ல அவர் யார்? அடையாள அட்டையில் ஆர்.இ.என். எண் (பதிவுபெற்ற வீட்டு இடைத்தரகருக்குத் தரும் எண்) இருக்கிறதா என்று கேளுங்கள். "பூஞ்சணத் தடுப்புச் சாயம் நானே அடித்துத் தருகிறேன், முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்று வருவார். சம்மதிக்காதீர்கள். கறையின் மேல் வெள்ளையடித்தால் உங்கள் சான்று மறைந்துவிடும், மூன்றாம் மாதம் பூஞ்சணம் திரும்பிவிடும். தேதி தெரியும்படி இன்றே படமெடுத்து வையுங்கள்.

வீட்டைக் காலி செய்தபின் முன்பணம் தராமல் இழுத்தால், 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போடலாம். 198ஆம் எண் படிவம் கேளுங்கள். இடையில் வீட்டுக்காரர் பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முயன்றால், நீதிமன்ற உத்தரவின்றி அது செல்லாது என்று 1950ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அன்றே காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுங்கள்.