குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தழை, கடலைக்கொடி போட்டே வெள்ளாடு வளர்க்க முடியுமா?

கேள்வியைப் பார்த்ததும் எங்கள் செவலை ஆடுதான் கண்முன் வந்தது. நீங்களும் பத்துப் பதினைந்து உருப்படி வைத்துக்கொண்டு, புண்ணாக்கு விலையைக் கேட்டு மலைத்துப்போய்த்தான் இதைக் கேட்டிருப்பீர்கள்.

முடியும். நாங்கள் ஆத்தூர் பக்கம். கடலைக்கொடி, உளுந்தம்பொட்டு (உளுந்தின் தோல்), கிழங்குத் தழை எல்லாம் காட்டிலேயே கிடைக்கிறது. ஆனால் கிழங்குத் தழையைப் பச்சையாக மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஆறு வருடத்துக்கு முன்பு கிழங்கு பிடுங்கிய அன்று, கழித்துப்போட்ட நுனித்தழை வரப்போரம் குவிந்து கிடந்தது. அன்றைக்கு மேய்ச்சலுக்கு ஆள் இல்லை. கட்டிக்கிடந்த ஆடுகள் பசியில் கத்தின. நான்தான் இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்து போட்டேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, செவலை தள்ளாடியது. வாயில் நுரை, மூச்சு இழுத்தது. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு செக்கச்செவேல் என்று இருந்தது. டாக்டர் வருவதற்குள் அதுவும் அதன் கிடாய்க்குட்டியும் போய்விட்டன. மற்ற இரண்டை ஊசி போட்டுக் காப்பாற்றினார். தழை வயிற்றில் அரைபடும்போது சயனைடு பிரிகிறது, இளஞ்சோளப் பயிரிலும் இதே நஞ்சுதான் என்று சொன்னார்.

"எங்கள் ஆடு தினமும் தின்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொல்வீர்கள். இருக்கலாம். கிழங்கு ரகம், தழையின் இளசு, ஆட்டின் பசி என்று எத்தனையோ இருக்கிறது. வெறும் வயிற்றில் தின்ற என் ஆடு செத்தது, அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது தழையை நறுக்கிக் களத்தில் மெல்லிசாகப் பரப்பி மூன்று நாள் காயவிடுகிறோம். கையில் பிடித்தால் நொறுங்க வேண்டும். வெயிலில் நஞ்சு பெரும்பாலும் போய்விடும், புரதம் நிற்கும். அதையும் முதலில் ஒரு கைப்பிடிதான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம்.

கடலைக்கொடிக்கு ஈடு எதுவும் கிடையாது. வைக்கோலைவிடப் புரதம் இரண்டு மடங்குக்கு மேல். மண்ணை உதறிவிட்டுப் போர் போடுங்கள். மழையில் நனைந்து பூசணம் பிடித்தால் அந்தப் பகுதியை எருக்குழியில் தள்ளிவிடுங்கள், மனசு கேட்காமல் ஆட்டுக்குப் போடாதீர்கள். சேகோ ஆலைத் திப்பி, அதாவது ஜவ்வரிசி ஆலையில் கிழங்குப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை, பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதை மட்டும் அள்ளிப்போட்டால் வயிறு புளித்து உப்பிவிடும். கொஞ்சமாவது புண்ணாக்கோ பொட்டோ கலந்துதான் ஆக வேண்டும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுபோனால் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். போன தையில் ஒரு கிடாயை வீட்டுத் தராசில் நிறுத்தேன், 22 கிலோ. சந்தையில் தரகர் முதுகை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "பதினெட்டுதான் தேறும்" என்று, விலை வெளியே தெரியாமல் பேச, துண்டுக்குள் என் விரலைப் பிடிக்கிறார். தீவனத்தில் நான் மிச்சம் பிடித்தது அத்தனையும் அந்தத் துண்டுக்குள் போனது. சுங்கம் வசூலிக்கத் தெரிகிறது, சந்தையில் ஒரு தராசு வைக்க மட்டும் ஏன் முடியவில்லை?