சர்ச்சுக்குப் போறோம்னு பொய் சொல்லிடலாமா?

கேள்வி: நாங்க அமெரிக்காவுல டென்னசில இருக்கோம். ஃபாஸ்டர் பேரண்ட்ஸ் (பெத்தவங்களால பாத்துக்க முடியாத குழந்தைங்கள தற்காலிகமா வளர்க்கிறவங்க) ஆகலாம்னு ஒரு கிறிஸ்தவ ஏஜென்சிக்கு போன் பண்ணோம், எங்க நம்பிக்கைல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்னுட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டே 9-0ன்னு அவங்க பக்கம் சொல்லிடுச்சாமே? சர்ச்சுக்குப் போறோம்னு சொல்லிடலாம்ங்கிறார் வீட்டுக்காரர். நான் கேஸ் போடணும்ங்கிறேன். என்ன பண்ணலாம்?
- நாஷ்வில் வாசகி

பதில்: வீட்டுக்காரர் ஐடியாவ முதல்ல ஓரமா வைங்கம்மா. குழந்தைய அனுப்புறதுக்கு முன்னாடி ஹோம் ஸ்டடின்னு ஒன்னு பண்ணுவாங்க, அது சும்மா ஃபார்ம் இல்ல, வீட்டுக்கே ஆள் வந்து ஸ்மோக் அலாரத்துல இருந்து மருந்து டப்பா பூட்டு வரைக்கும் பாத்துட்டு உங்க ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வெச்சு பேசுவாங்க, பூஜை ரூம் கதவ எத்தன நாள் சாத்தி வெப்பீங்க? பொய்னு தெரிஞ்சா அப்புறம் எங்க போனாலும் அது கூடவே வரும்.

அந்த 9-0 ஃபிலடெல்ஃபியா கேஸ். ஒரே பாலின தம்பதிகள ஃபாஸ்டர் பேரண்ட்ஸா சர்டிஃபை பண்ண மாட்டோம்னு சொன்ன கத்தோலிக்க ஏஜென்சிக்கு 2018ல சிட்டி குழந்தைங்கள அனுப்புறத நிறுத்திச்சு (அப்படி ஒரு தம்பதி அவங்ககிட்ட போனதே இல்லங்கிறது வேற கதை), 2021 ஜூன்ல ஏஜென்சி ஜெயிச்சுது. ஆனா மதம்னு சொன்னா யாரை வேணா ஒதுக்கலாம்னு கோர்ட் சொல்லல. சிட்டியோட காண்ட்ராக்ட்லயே கமிஷனர் நெனச்சா விலக்கு குடுக்கலாம்னு ஒரு வரி இருந்துச்சு, அப்படி வழி வெச்சுகிட்டு இவங்களுக்கு மட்டும் ஏன் இல்லங்கறீங்கன்னு அந்த வரியப் புடிச்சே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் முடிச்சுட்டாரு. அவ்ளோதான்.

உங்களுக்கு குறுக்க நிக்கிறது அது இல்ல, உங்க ஸ்டேட்டே 2020ல போட்ட சட்டம். மத நம்பிக்கைக்கு ஒத்து வராதுன்னா தனியார் ஏஜென்சி மறுக்கலாம், அதுக்காக லைசென்ஸயோ அரசு காண்ட்ராக்டயோ புடுங்க முடியாது. அடுத்த வருஷமே உங்க ஸ்டேட்ல, நாக்ஸ்வில்ல ஒரு யூத தம்பதிக்கு இது நடந்துச்சு, ட்ரெயினிங் ஆரம்பிக்க வேண்டிய அன்னைக்கே ஒரு கிறிஸ்தவ குழந்தைகள் இல்லம் முடியாதுன்னுடுச்சு. 2022 ஜனவரில ஸ்டேட் மேல கேஸ் போட்டாங்க, கீழ் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு, 2023ல அப்பீல்ல உயிர் வந்துச்சு. அவங்க தத்தெடுக்க ஃப்ளோரிடால பாத்து வெச்சிருந்த பையன் கிடைக்கவே இல்ல. அதனால கேஸ் போடுறது உங்க உரிமை, ஆனா அது குழந்தை வர்ற வழி இல்ல.

என் கருத்து கேட்டா, அந்த சர்ச் ஆளுங்க பல வருஷமா நல்ல வேலை பண்றாங்க, அத மறுக்கல, சொந்த காணிக்கைல நடத்தினா அவங்க இஷ்டம். நீங்களும் கட்டுற வரில நடக்கிறப்ப உங்கள வாசல்லயே நிறுத்துறது எனக்கு ஒப்பல. நம்ம ஊரும் ஒன்னும் யோக்கியம் இல்ல, 1956 தத்து சட்டம் இந்துக்களுக்கு மட்டும்தான் (அதுல பௌத்தர், சமணர், சீக்கியரும் அடக்கம்), கிறிஸ்தவங்களும் முஸ்லிம்களும் 2000ல வந்த சிறார் நீதிச் சட்டம் வரைக்கும் கார்டியனா மட்டும்தான் இருக்க முடிஞ்சுது.

சரி, இப்ப செய்ய வேண்டியது. ஸ்டேட்டோட குழந்தைகள் சேவைத் துறை நேரடியாவே ஃபாஸ்டர் பேரண்ட்ஸ எடுக்குது, அந்த யூத தம்பதியும் கடைசில அங்க போய்தான் ஒரு டீனேஜ் பொண்ண வளர்த்தாங்க. ஆனா போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒன்னு பேசிடுங்க. ஃபாஸ்டர்னா தத்து இல்ல, முடிஞ்சா பெத்தவங்ககிட்டயே திருப்பி அனுப்பணும்ங்கிறதுதான் நோக்கம், பிள்ளையோட மதமும் உங்க இஷ்டத்துக்கு மாத்துற விஷயம் இல்ல. வர்ற பிள்ளை ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகணும்னா யாரு வண்டி எடுப்பீங்க, வீட்ல சைவம்னா அதுக்கு ஹாம்பர்கர் வேணும்னா என்ன பண்ணுவீங்க? இத ஹோம் ஸ்டடிலயும் கேக்கலாம். பேசி முடிச்சா திங்கக்கிழமையே போன் போட்டு அடுத்த ட்ரெயினிங் எப்பன்னு கேளுங்க, அண்ணன் தங்கச்சிய சேத்து எடுத்துக்கத் தயார்னா அதையும் மொதல்லயே சொல்லிடுங்க, அப்படி எடுக்க ஆள் கிடைக்கிறது அங்க கஷ்டம்.