லிராவை இப்போதே வாங்கி வைக்கலாமா?

கேள்வி: ஏப்ரலில் நானும் மனைவியும் ஐந்து நாள் இஸ்தான்புல் போகிறோம். விமான டிக்கெட், ஹோட்டல் இரண்டுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. சுற்றிப் பார்க்கவும் சாப்பாட்டுக்கும் ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். "துருக்கி நாணயமான லிரா அடிமட்ட விலையில் கிடைக்கிறது, மொத்தத்தையும் இப்போதே மாற்றி வை" என்கிறார் நண்பர். ஒரே கட்டணத்தில் பல அருங்காட்சியகங்களைப் பார்க்கிற மியூசியம் பாஸும் வாங்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: லிராவை வாங்கி வைக்கவே வேண்டாம். 2021 தொடக்கத்தில் ஒரு லிரா சுமார் 10 ரூபாய். 2024 முடிவில் இரண்டரை ரூபாய்கூட இல்லை. இடையில் "இதற்குமேல் எங்கே இறங்கப்போகிறது" என்று வாங்கி வைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இறங்கிக்கொண்டே போகிற நாணயத்தை, தேவைப்படுகிற அன்று வாங்கினால் போதும்.

நாணயம் மலிவு என்பதால் ஊரும் மலிவு என்று கணக்குப் போடாதீர்கள். 2022 அக்டோபரில் அரசுக் கணக்குப்படியே அங்கே பணவீக்கம் 85 சதவீதம். அதோடு, முக்கியமான பல இடங்களில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தை யூரோவில்தான் வைத்திருக்கிறார்கள். ஆயா சோபியா மசூதியில் 2024 ஜனவரியிலிருந்து ஆளுக்கு 25 யூரோ. இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 5,000 ரூபாய். லிரா என்ன விழுந்தாலும் இது குறையாது.

அந்தக் காசுக்கு மேல்மாடம் மட்டும்தான். கீழே தொழுகைக் கூடத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. இருந்தாலும் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். 537-ல் திறந்த கட்டடம் அது. தேவாலயம், மசூதி, அருங்காட்சியகம், 2020-லிருந்து மறுபடி மசூதி. மேலே தங்கப் பின்னணியில் இருக்கும் கிறிஸ்து மொசைக்கைப் பார்த்துவிட்டு, தெற்குப் பக்கப் பளிங்குக் கைப்பிடிச் சுவரைத் தேடுங்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன் வந்த ஏதோ ஒரு வைகிங் வீரன் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். 'ஹால்ப்தான்' என்ற பெயரைத்தான் படிக்க முடிந்திருக்கிறது. கோயில் தூணில் பெயர் கிறுக்குகிற நம் ஆட்களுக்கு அண்ணன்!

அடுத்து, காசு கொடுக்கத் தகுந்தது தோப்காபி அரண்மனை. ஹரேம் என்கிற அந்தப்புரமும் 86 காரட் வைரமும் அங்கேதான். பாதாள நீர்த்தேக்கமும் நன்றாகத்தான் இருக்கும். 336 தூண்கள், அதில் இரண்டின் அடியில் கிரேக்கப் புராணத்துப் பாம்புக் கூந்தல்காரி மெதுசாவின் தலை, ஒன்று தலைகீழாக, மற்றொன்று பக்கவாட்டில். ஆனால் முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுவீர்கள். பட்ஜெட் இடித்தால் நான் முதலில் வெட்டுவது இதைத்தான்.

மியூசியம் பாஸ் தினமும் ஒன்றிரண்டு அருங்காட்சியகம் ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். ஆயா சோபியாவும் நீர்த்தேக்கமும் அதில் சேராது. தோப்காபியும் தொல்லியல் அருங்காட்சியகமும் மட்டும் போதும் என்றால் தனித்தனி டிக்கெட்டே லாபம்.

இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்தவை இலவசம். ஆறு மினார் வைத்த நீல மசூதிக்குக் கட்டணம் இல்லை. சினான் என்ற மகா கட்டடக் கலைஞர் 1557-ல் முடித்த சுலைமானியா மசூதிக்கும் இல்லை. உள்ளே இருக்கும் அமைதி ஒரு பக்கம் என்றால், பின்பக்கத்து மேட்டில் நின்றால் தங்கக் கொம்பு நீர்வழி முழுவதும் கண்ணில் விரியும். எதிரே வரிசையாக வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் விற்கிற சின்னக் கடைகள். மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மனைவி ஒரு துப்பட்டா எடுத்துக்கொண்டால் தலையை மூட வாசலில் துணி தேட வேண்டாம்.

இனி பணத்தை எப்படிக் கொண்டுபோவது? சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தப் பணத்தையும் அதில் தேய்த்தால் 4,130 ரூபாய் சும்மா போகும். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகள் இருக்கின்றன. ஏப்ரலுக்குள் ஒன்று வாங்கிவிடுங்கள். கையில் அவசரத்துக்கு 200 யூரோ நோட்டாக இருக்கட்டும். அதை விமான நிலையத்தில் மாற்றாமல் நகருக்குள், கிராண்ட் பஜார் பக்கம் மாற்றுங்கள்.

கார்டு இயந்திரம் "லிராவா, ரூபாயா" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு லிராவைத் தொடுங்கள். ரூபாய் என்று பார்த்ததும் நம்ம ஊர்க் காசாச்சே என்று ஒரு கடையில் நானே தொட்டிருக்கிறேன். அறைக்கு வந்து கணக்குப் பார்த்தால் அன்றைய விலையைவிட ஆறு சதவீதம் கூடுதல். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற தொழில் வேறு! ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

அப்புறம், நாட்களைக் கவனியுங்கள். தோப்காபிக்குச் செவ்வாய் விடுமுறை, கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு. வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் மசூதிகளைச் சுற்றிப் பார்க்க முடியாது. அந்த நேரத்தைப் படகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனி உல்லாசப் படகு வேண்டாம். எமினோனு துறையில் பஸ், டிராமுக்குத் தேய்க்கிற அதே இஸ்தான்புல் கார்டைத் தேய்த்து, கடிக்கோய் போகும் ஊர்ப் படகில் ஏறுங்கள். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு இருபது நிமிடம். பின்பக்க பெஞ்சில் இடம் பிடித்து ஒரு டீ வாங்கிக்கொண்டால், தோப்காபி, ஆயா சோபியா, நீல மசூதி மூன்றும் ஒரே வரிசையில் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.