பழைய காரின் பின்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

பின்சக்கரத்தில் இரைச்சல், வேகம் கூடக்கூட அதுவும் கூடுகிறது, நானே பேரிங் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிரம் பிரேக்கும், உள்ளே வெளியே என 2 கூம்பு உருளை பேரிங்கும் உள்ள வண்டி என்றால் தாராளமாக மாற்றலாம்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கர நடுவின் மூடி, ஸ்பிலிட் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் பிளவு ஊசி), நட்டு கழற்றினால் டிரம் வந்துவிடும். தூசியை ஊதாதீர்கள், பழைய பிரேக் லைனிங்கில், மூச்சில் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணி போதும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: உருளைகளை மட்டும் மாற்றிவிட்டு டிரம்முக்குள் இருக்கும் பழைய கப்பை (உருளைகள் ஓடும் வெளி வளையத்தை) அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டும் ஜோடி. தேய்ந்த கப் புது உருளைகளையும் சீக்கிரம் தின்றுவிடும். புதுக் கப்பைப் பித்தளைக் கம்பி வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டி இறக்குங்கள். தட்டும் சத்தம் கனத்து மாறினால் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். உருளைகளின் இடுக்கு வரை கிரீஸைத் திணியுங்கள். கிரீஸ் கசியாமல் தடுக்கும் சீலும் புதிதாக இருக்கட்டும்.

அப்புறம் நட்டு. இதில்தான் பொறுமை வேண்டும். டிரம்மைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பின் தளர்த்தி, கடைசியில் விரலால் இறுகும் அளவில் விடுவதுதான் பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு முறை. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. அதிகம் இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும். ஸ்பிலிட் பின் புதியதே.